மைக்கேல் ஸ்காட் கிளம்பிய விதம்: 'தி ஆபிஸ்' 7-ஆம் சீசனில் எது நின்றது, எது சறுக்கியது?

கடைசிமேசை | பதிவு 1

அமெரிக்க 'தி ஆபிஸ்' தொடரில், ஸ்க்ரான்டன் ஊர்க் காகித நிறுவனக் கிளையின் மேலாளர் மைக்கேல் ஸ்காட்டாக நடித்த ஸ்டீவ் கரெல் விடைபெற்ற எபிசோட் 2011 ஏப்ரல் 28 அன்று என்பிசி சேனலில் வந்தது. எழுதியவர் தொடரை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ், இயக்கம் பால் ஃபீக். அரைமணி நேரத் தொடருக்கு அன்றைக்கு மட்டும் 50 நிமிட இடம் ஒதுக்கினார்கள், விளம்பரத்தோடு சேர்த்து. அதற்குப் பிறகும் தொடர் 2 வருஷம் ஓடியது. இரட்டை எபிசோடுகளை இரண்டாக எண்ணினால் 8, 9 சீசன்களில் மட்டும் 49 எபிசோடுகள்.

வழியனுப்பிய எபிசோட் நல்ல எபிசோட் என்பதில் இங்கே பெரிய சண்டை வராது என்று நினைக்கிறேன். கேள்வி வேறு. அது ஏன் வேலை செய்தது, எந்த இடத்தில் எந்த ஆணியை அடித்தார்கள்? வழியனுப்பலை அவ்வளவு கச்சிதமாகச் செய்தவர்கள் அடுத்த வாரமே ஏன் தடுமாறினார்கள்? 'அழுதுட்டேன்' வகைப் பதிவுகள் வேண்டாம், அதற்கு வேறு இழை இருக்கிறது. கதை முழுவதும் இங்கே பேசப்படும், பார்க்காதவர்கள் இத்தோடு திரும்பிவிடலாம்.

வெட்டுமேசை | பதிவு 2

அந்த ஒரு எபிசோடை மட்டும் எடுத்து வைத்துப் பேசினால் விடை கிடைக்காது. வேலை அதற்கு 4 மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. தேதி வாரியாகப் பாருங்கள்.

2010 டிசம்பர் 9, கிறிஸ்துமஸ் எபிசோட். மனிதவளப் பிரிவின் டோபி ஜூரி வேலைக்குப் போக, அவர் இடத்துக்கு மைக்கேலின் பழைய காதலி ஹோலி (ஏமி ரையன்) ஸ்க்ரான்டனுக்குத் திரும்புகிறாள். 2011 பிப்ரவரி 3, மொட்டைமாடியில் இருவரும் சேர்கிறார்கள். பிப்ரவரி 17, மைக்கேல் வருஷக்கணக்காக எடுத்துவந்த உளவாளிப் படத்தை அலுவலகத்தில் போட்டுக் காட்டுகிறான். ஹோலிக்குப் பிடிக்கவில்லை. முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறான், பிறகு மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரிக்கிறான். பிப்ரவரி 24, டாட் பேக்கர். இத்தனை வருஷம் 'என் உயிர் நண்பன்' என்று தலையில் வைத்துக் கொண்டாடிய ஆளைக் கைகழுவுகிறான். மார்ச் 24, ஹோலியிடம் கல்யாணம் பேசுகிறான். ஏப்ரல் 21, ஊழியர்களுக்குத் தானே நடத்திவந்த டண்டி விருது விழாவை அடுத்த மேலாளரிடம் ஒப்படைக்கிறான். ஏப்ரல் 28, விமானம்.

படம் போச்சு, போலி நண்பன் போனான், விருது விழா போச்சு. ஒவ்வொரு எபிசோடிலும் மைக்கேலின் ஒரு பொம்மையைப் பிடுங்கி வைத்துவிட்டு வருகிறார்கள். கடைசி நாளில் அவன் கையில் விட்டுக்கொடுக்க மிச்சம் இருந்தது அந்த அலுவலகத்து ஆட்கள் மட்டும்தான். எல்லாவற்றையும் ஒரே எபிசோடில் கொட்டியிருந்தால் பட்டியல் வாசிப்பாக முடிந்திருக்கும்.

மஞ்சள்கோப்பு | பதிவு 3

வெட்டுமேசை சொன்னதில் மார்ச் 24 எபிசோடைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். அதை இயக்கியது ஸ்டீவ் கரெலே. எழுதியது ஜான் விட்டி.

மைக்கேலின் முதல் திட்டம் பார்க்கிங் தரையில் பெட்ரோலால் எழுதி நெருப்பு வைப்பது. அலுவலக ஊழியை பாம் ஓடிவந்து தடுக்கிறாள். இரண்டாவது திட்டத்தில் ஹோலியை அலுவலகம் முழுக்க நடத்திக்கொண்டு போகிறான். வழிநெடுக ஆட்கள் மெழுகுவத்தியோடு நிற்கிறார்கள். கடைசியில் அவள் உட்காரும் இடம் முழுக்க மெழுகுவத்திச் சுடர். அவ்வளவு சூட்டில் கூரையில் இருக்கிற தீயணைப்புத் தூவான்கள் திறந்து எல்லார் தலையிலும் தண்ணீர் கொட்டுகிறது. அந்த மழையில் முழங்காலிட்டு, 'ஸ்டார் வார்ஸ்' படத்து யோடா குரலில் கேட்கிறான். அவளும் அதே யோடா குரலில் சம்மதம் சொல்கிறாள்.

இந்த யோடா குரலில்தான் விஷயமே இருக்கிறது. 6 சீசனாக இப்படிக் குரல் மாற்றிப் பேசும்போதெல்லாம் எதிரில் இருப்பவர்கள் கண்ணை உருட்டினார்கள். இங்கே ஒருத்தி அதே குரலில் பதில் சொல்கிறாள். மைக்கேல் இதுவரை செய்த அத்தனை கிறுக்குத்தனத்துக்கும் அடியில் இருந்த தேவை அந்த நொடியில் தீர்ந்துவிடுகிறது. பெற்றோருக்கு வயசாகிவிட்டது, கொலராடோவுக்குப் போகவேண்டும் என்று ஹோலி முன்பே சொல்லியிருக்கிறாள். ஊரைவிட்டுப் போகும் செய்தியும் அதே ஈரச் சட்டையோடு வந்துவிடுகிறது. கிளம்புவதற்கான காரணத்தைத் தனியாக ஒரு காட்சி வைத்து விளக்கவேண்டிய அவசியமே வரவில்லை.

பாதிக்கோப்பை | பதிவு 4

எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு கணக்குப் போட்டவர்கள் வில் ஃபெரலை எதற்குக் கொண்டுவந்தார்கள்? மைக்கேலுக்கு அடுத்த மேலாளராக வரும் டியாஞ்சலோ விக்கர்ஸ், மொத்தம் 4 எபிசோட், ஏப்ரல் 14 முதல் மே 5 வரை. அதில் 3 எபிசோட் மைக்கேலின் கடைசி 3 எபிசோட். வழியனுப்பும் எபிசோடிலேயே டியாஞ்சலோ கேக்கைக் கையால் அள்ளி அள்ளித் தின்கிற கிளைக்கதைக்கு நிமிஷங்களைத் தாரை வார்த்திருக்கிறார்கள். 17 பேரிடம் சொல்லிக்கொள்ள வேண்டிய நாளில் கேக் தின்பவனுக்கு என்ன வேலை?

அடுத்த வாரம் அதே ஆள் கிடங்கில் கூடைப்பந்து வளையத்தில் தொங்கி, வளையம் சாய்ந்து மேலே விழுந்து, தலையில் அடிபட்டுத் தொடரைவிட்டே போகிறான். ஒரு வாரத்தில் காலியாகப்போகிற ஆளுக்குத்தான் அந்த இடத்தைக் கொடுத்தார்கள்.

வெட்டுமேசை | பதிவு 5

பாதிக்கோப்பை, பாதி உடன்படுகிறேன். கேக் வெட்டப்படவேண்டிய கிளைக்கதை, அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் டியாஞ்சலோ என்ற ஆள் தேவைப்பட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மைக்கேல் தன் வேலையை யாரிடமாவது ஒப்படைத்தால்தான் 'என் இடம் போய்விட்டது' என்ற பயம் அவனுக்குள் வரும். ஏப்ரல் 14 எபிசோடில் அது நன்றாகவே வேலை செய்கிறது. எல்லாரும் புது மேலாளரிடம் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து இவன் வெந்துபோகிறான்.

தவறு ஆள் தேர்வில். நாலு எபிசோடுக்கு மட்டும் வருகிற பெரிய நட்சத்திரம் என்று பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரியும். இவன் தங்கமாட்டான் என்று தெரிந்துவிட்டால் அந்தப் பயம் நமக்குத் தொற்றாது.

ஒலித்தட்டு | பதிவு 6

விமான நிலையக் காட்சியைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. தொழில்நுட்ப ரீதியில் அந்த எபிசோடின் மையம் அதுதான்.

இது போலி ஆவணப்பட வடிவம். பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. கேமரா கையில், தேவைப்படும்போது ஜூம். ஆவணப்படக் குழு ஒன்று எல்லார் சட்டையிலும் சின்ன மைக் மாட்டியிருக்கிறது என்பதுதான் கதையின் ஏற்பாடு. நாம் கேட்கும் ஒவ்வொரு வார்த்தையும் அந்த மைக் வழியாக வருவதாகத்தான் கணக்கு. இந்த விதியை முதல் சீசனிலிருந்து ஒழுங்காகக் காப்பாற்றி வந்ததால்தான் இங்கே அதை உடைக்க முடிகிறது.

மைக்கேல் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியதும் கேமராக்காரர்களைப் பார்த்து, இது எப்போதாவது ஒளிபரப்பானால் சொல்லுங்கள் என்கிறான். மைக்கைக் கழற்றிக்கொண்டே, இதை நெஞ்சிலிருந்து எடுப்பது எவ்வளவு சுகமாக இருக்கும் என்ற பொருளில் ஒன்று சொல்கிறான். ஒலி அறுந்துவிடுகிறது. ஆனால் உதடு அசைகிறது. 7 சீசனாக அவன் சொல்லிவந்த அந்த ஒரே இரட்டை அர்த்த ஜோக்கைத்தான் சொல்கிறான், 'தட்ஸ் வாட் ஷி செட்'. நமக்குச் சத்தம் கேட்கவில்லை, ஆனாலும் காதில் விழுந்துவிடுகிறது.

அதற்குப் பிறகுதான் பாம் ஓடிவருகிறாள். மைக் போய்விட்டது, ஆகவே இருவரும் என்ன பேசினார்கள் என்பது நமக்கு இல்லை. தூரத்திலிருந்து கட்டிப்பிடிப்பது மட்டும் தெரிகிறது. அங்கே எழுதிய வசனம் எதுவும் பேசவில்லை, ஸ்டீவிடம் தான் சொல்ல விரும்பியதை நிஜமாகவே சொன்னதாக ஜென்னா ஃபிஷர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். வசனம் எழுதியிருந்தால் எதை எழுதியிருந்தாலும் குறைவாகத்தான் இருந்திருக்கும். மைக்கைக் கழற்ற வைத்து அந்தப் பாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

கடைசிமேசை | பதிவு 7

ஒலித்தட்டு, இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாம் நாள் முழுக்க அலுவலகத்தில் இல்லை. காகிதம் நறுக்கும் எந்திரத்துக்கு விலை விசாரிக்கிறேன் என்று போனவள் படம் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். எல்லாரையும் பார்த்தாயிற்று, ஒருத்தி மட்டும் பாக்கி என்ற குறுகுறுப்பு எபிசோடின் பாதியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி ஓட்டத்துக்கு வேகம் கொடுத்தது அதுதான்.

மஞ்சள்கோப்பு | பதிவு 8

அதோடு நாளையப் பொய். மைக்கேல் எல்லாரிடமும் 'நாளைக்குத்தான் கிளம்புகிறேன்' என்கிறான். உண்மையில் கிளம்புவது இன்றைக்கு. ஆர்ப்பாட்டம் வேண்டாம் என்பதற்காகச் சொல்லும் பொய்.

நம்மூர் பணிநிறைவு விழாவை நினைத்துப் பாருங்கள். சால்வை, சந்தனமாலை, 'அன்னார் அவர்கள்' என்று ஆரம்பிக்கும் நாலு பேச்சு. எந்த ஊர்த் தொடராக இருந்தாலும் எழுத்தாளர் கை முதலில் அந்தக் காட்சிக்குத்தான் போகும். நாளைக்கு என்று பொய் சொன்னதால் அந்த விழாவே நடக்காது. மற்றவர்களுக்கு அது சாதாரண வேலைநாள். மைக்கேலுக்கும் நமக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும். ஒவ்வொருவர் மேசைக்கும் போய் எதையோ கொடுத்துவிட்டு நகர்கிறான், அவர்கள் வழக்கம்போல எரிச்சலோடு வாங்கிக்கொள்கிறார்கள்.

விற்பனையாளன் ஜிம் மட்டும் கண்டுபிடித்துவிடுகிறான். கண்டுபிடித்தும் பொய்யை உடைக்கவில்லை. நாளைக்கு மதியச் சாப்பாட்டில் உங்களிடம் இதைச் சொல்கிறேன், நீங்கள் எவ்வளவு நல்ல மேலாளராக ஆனீர்கள் என்று, என்கிற தொனியில் எல்லாவற்றையும் எதிர்காலத்தில் வைத்துப் பேசுகிறான். அந்த நாளை வரப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். விடைபெறும் வார்த்தை எதையும் நேராகச் சொல்லாமல் முழு விடைபெறலும் நடந்து முடிந்துவிடுகிறது.

பாதிக்கோப்பை | பதிவு 9

பரிசுகளில் எனக்குப் பிடித்தது ஆஸ்கருக்குக் கொடுத்தது. குச்சியும் துணியுமாய்க் கோணல்மாணலாக ஒரு பொம்மை, நானே செய்தது என்று கொடுக்கிறான். ஆஸ்கர் நெகிழ்ந்து வாங்கிக்கொள்கிறான். அடுத்த வெட்டில் மைக்கேல் கேமராவுக்கு முன்னால் சிரிப்பை அடக்கமுடியாமல் தவிக்கிறான். இவ்வளவு கேவலமான ஒன்றை நான் செய்திருப்பேன் என்று ஆஸ்கர் நம்பிவிட்டானே, என்னைப் பற்றி அவனுக்கு எவ்வளவு மட்டமான எண்ணம் என்று.

முட்டாள் என்று 7 வருஷம் நம்மைச் சிரிக்கவைத்த ஆளுக்குத் தன்னைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. அரை நிமிஷக் காட்சி அது.

கெவினுக்கு அவனைப் பன்றியாக வரைந்த ஒரு கேலிச்சித்திரம். கொடுத்துவிட்டு, கெவின் முன்னாலேயே அதைக் கிழித்துப் போடுகிறான், நீ கேலிச்சித்திரமாக ஆகிவிடாதே என்று. பின்னாலான சீசன்களில் கெவினை எழுத்தாளர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்த இடம் இப்போது வேறு மாதிரி உறைக்கும்.

இரண்டாம்வரி | பதிவு 10

ஏப்ரல் 21 டண்டி எபிசோடைப் பற்றி ஒரு தகவல். எழுதி இயக்கியது மிண்டி கேலிங். கெல்லி கபூராக நடித்தவர். அப்பா தமிழர், இயற்பெயரில் சொக்கலிங்கம் இருக்கிறது. முதல் சீசனிலிருந்தே எழுத்தாளர் அறையில் இருந்தவர்.

அந்த எபிசோடின் முடிவில் ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து மைக்கேலுக்குப் பாடும் பாட்டில் 9,986,000 நிமிடம் என்று வரும். அதை வெறும் எண் என்று விட்டுவிடவேண்டாம். வருஷத்துக்கு 365 நாள், நாளைக்கு 1,440 நிமிடம், ஆக 525,600. மைக்கேல் அங்கே வேலைபார்த்தது 19 வருஷம். 525,600 × 19 = 9,986,400. பாட்டில் வாய்க்கு அடங்குவதற்காக 400-ஐ உதிர்த்துவிட்டார்கள். நையாண்டிப் பாட்டுக்கு இந்த அளவு கணக்கு பார்த்தார்கள் என்பதே அந்த அறையின் ஒழுங்கைக் காட்டும்.

வெட்டுமேசை | பதிவு 11

இரண்டாம்வரி, நல்ல கணக்கு. டண்டி எபிசோட் முந்தைய வாரமே வந்தது இன்னொரு விதத்திலும் உதவியது. கூட்டமாக அழவேண்டியதை அங்கேயே அழுது தீர்த்துவிட்டார்கள். அதனால் கடைசி எபிசோடில் கூட்டக் காட்சியே தேவைப்படவில்லை, தனித்தனியாகப் போகமுடிந்தது. கும்பல் விடைபெறல் ஒரு எபிசோட், தனி விடைபெறல் ஒரு எபிசோட் என்று பிரித்ததுதான் இந்த வரிசையின் நல்ல முடிவு.

புயல்தாள் | பதிவு 12

எதிர்க்கட்சியாக ஒன்று. எல்லாரும் 7-ஆம் சீசனைப் புகழ்கிறீர்கள். பிரிட்டிஷ் மூலத்தில் டேவிட் பிரென்ட்டை அனுப்பிய விதம் இதைவிட நேர்மையானது இல்லையா? 2002-இல் இரண்டாம் தொடரின் முடிவில் வேலையிலிருந்து நீக்குகிறார்கள். நீக்காதீர்கள் என்று கெஞ்சுகிறான். 2003 கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடுகள் இரண்டோடு கதை முடிந்தது. மொத்தமே 14 எபிசோட். கெட்ட மேலாளருக்கு நடக்கவேண்டியது நடந்தது. அமெரிக்கர்கள் அதே ஆளைக் காதல், கல்யாணம், மலையடிவார ஊர் என்று சர்க்கரைப் பாகில் முக்கி அனுப்பிவைத்தார்கள்.

மஞ்சள்கோப்பு | பதிவு 13

புயல்தாள், 14 எபிசோடுக்குத் தாங்கும் ஆள் 7 சீசனுக்குத் தாங்கமாட்டான். அமெரிக்க முதல் சீசன் (2005, 6 எபிசோட் மட்டும்) கிட்டத்தட்ட பிரென்ட்டின் நகல்தான், அது எடுபடவில்லை. இரண்டாம் சீசனிலிருந்து டேனியல்ஸ் குழு மைக்கேலை மாற்றியது. விற்பனையில் உண்மையிலேயே கெட்டிக்காரன், மனிதர்களிடம் அன்புக்கு ஏங்குகிறவன் என்று இரண்டு குணத்தைச் சேர்த்தார்கள். 2005 ஆகஸ்டில் கரெலின் படம் பெரிய வெற்றி பெற்றதும் அந்த மாற்றத்துக்குத் துணை. இப்படி மாற்றிய ஆளை வேலைநீக்கம் செய்து அனுப்பினால் அது வேறு தொடரின் முடிவாக இருக்கும்.

இரண்டு பேரும் சந்தித்த காட்சி நினைவிருக்கிறதா? 2011 ஜனவரி 27 எபிசோடில் டேவிட் பிரென்ட் லிஃப்ட் பக்கம் வருகிறான். இரண்டு பேருக்கும் ஒரே நொடியில் ஒட்டிக்கொள்கிறது. நடிகர் கிளம்பப் போகிறார் என்று ஊருக்கே தெரிந்த சீசனில் அதை வைத்ததே ஒரு வகை ஆசீர்வாதம்தான்.

கணக்குப்பிரிவு | பதிவு 14

வெளியேறியதன் வியாபாரப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கரெலின் ஒப்பந்தம் 7-ஆம் சீசனோடு முடிந்தது. அதோடு கிளம்பிவிடுவேன் என்று 2010-இல் ஒரு வானொலிப் பேட்டியில் போகிறபோக்கில் சொன்னார். தொடரின் சிகையலங்காரத்திலும் நடிகர் தேர்விலும் இருந்தவர்கள் பிற்காலத்தில் சொன்னது, தொடர அவர் தயாராகத்தான் இருந்தார், சேனல் புதிய ஒப்பந்தம் எதுவும் முன்வைக்கவில்லை என்பது. அதே காலத்தில்தான் என்பிசியின் சொந்தக்காரர்களே மாறினார்கள், 2011 ஜனவரியில் காம்காஸ்ட் கைக்குப் போனது.

யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள். எழுத்தாளர்களுக்கு ஒரு முழு சீசன் முன்னாலேயே தேதி தெரிந்திருந்தது. பதிவு 2-இல் இருக்கும் அட்டவணை அந்த அவகாசத்தின் விளைவு.

விருது விஷயத்தில் மட்டும் வயிற்றெரிச்சல் உண்டு. 6 முறை எம்மி விருதுக்குப் பரிந்துரை, ஒருமுறைகூட இல்லை. 2011-இல் இந்த எபிசோடுக்குப் பிறகும் ஜிம் பார்சன்ஸுக்குப் போனது. 2006-இல் கிடைத்த கோல்டன் குளோபோடு சரி.

புயல்தாள் | பதிவு 15

அவகாசம் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? 'ஸ்பின் சிட்டி'யை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் மேயர் அலுவலகம், துணை மேயராக மைக்கேல் ஜே. ஃபாக்ஸ். பார்கின்சன் நோய் பற்றி 1998-இல் வெளியே சொன்னார், 2000 மே மாதத்தோடு விலகினார்.

கணக்குப்பிரிவு | பதிவு 16

ஃபாக்ஸின் பாத்திரம் மேயர்மேல் விழவேண்டிய ஊழல் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு வாஷிங்டன் போகிறான். மனநல ஆலோசகராக வருகிறவர் மைக்கேல் கிராஸ், பழைய தொடரில் ஃபாக்ஸுக்கு அப்பாவாக நடித்தவர். வாஷிங்டனில் அலெக்ஸ் பி. கீட்டன் என்று ஒரு இளம் செனட்டர் இருப்பதாக ஒரு வரி வரும். அது அந்தப் பழைய தொடரில் ஃபாக்ஸ் நடித்த பாத்திரத்தின் பெயர். பழிபோட்டு அனுப்புவது வேகமான வழி, தயாரிப்பு அதிகம் தேவையில்லை, பாத்திரத்தின் மரியாதையும் கூடும். பிறகு சார்லி ஷீன் வந்து 2 சீசன் ஓட்டினார், 2002-இல் கோல்டன் குளோபும் வாங்கினார். ஒரு நட்சத்திரம் போனால் இன்னொரு நட்சத்திரம் என்ற சூத்திரம் அங்கே ஓரளவு நின்றது. அது கேமரா முன் கூத்துக் கட்டும் வகைத் தொடர், முன்னணி ஆளை மாற்றினாலும் தாங்கும். ஆவணப்பட பாணியில் அது தாங்காது.

ஒலித்தட்டு | பதிவு 17

'சூப்பர்ஸ்டோர்' தொடர் இன்னும் பொருத்தமான ஒப்பீடு. உருவாக்கிய ஜஸ்டின் ஸ்பிட்சர் 'தி ஆபிஸ்' எழுத்தாளராக இருந்தவர். நாயகியாக நடித்த அமெரிக்கா ஃபெரேரா என்ற நடிகை 5-ஆம் சீசனோடு போவதாக இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் படப்பிடிப்பு நின்று, விடைபெறலின் முதல் பாதி ஏப்ரலிலும் இரண்டாம் பாதி நவம்பர் 5 அன்றும் ஒளிபரப்பானது. நடுவில் ஆறு மாதத்துக்கு மேல். அந்த இடைவெளியில் சூடு ஆறிப்போச்சு. அவள் போன சில வாரத்திலேயே தொடர் முடிகிறது என்ற அறிவிப்பும் வந்துவிட்டது. 2021 மார்ச் 25 கடைசி எபிசோடுக்குத் திரும்பி வந்தாள்.

இங்கேயும் கலிஃபோர்னியாவில் தலைமையக வேலை, அதனால் ஊர்மாற்றம். காரணம் தயாராக இருந்தும் விடைபெறல் இரண்டாக உடைந்ததால் அடி விழுந்தது.

இரண்டாம்வரி | பதிவு 18

இப்படி ஒரு எபிசோடை எழுதப் போகிறவர்களுக்கு இழையிலிருந்து என்ன தேறுகிறது என்று யோசித்தேன். கையில் இருக்கிற நேரத்தை முதலில் எண்ணுங்கள். வழக்கமான அரைமணி இடத்தில் விளம்பரம் போக 21, 22 நிமிடம்தான். 17 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு நிமிடம் சொச்சம், அதில் எவருக்கும் எதுவும் நடக்காது. 'தி ஆபிஸ்' இரண்டு காரியம் செய்தது. நீளத்தைக் கூட்டியது. ஆட்களை மூன்று தட்டாகப் பிரித்தது. ஃபிலிஸுக்குத் தானாகக் கடகடவென்று வாயடிக்கும் பல்செட் பொம்மை, நீயும் கொஞ்சம் குரல் உயர்த்திப் பேசு என்று. விற்பனையாளன் ஆண்டிக்குத் தன் முக்கிய வாடிக்கையாளர்கள். இவர்களுக்கெல்லாம் ஒரு பொருளும் ஒரு வரியும் போதும். மைக்கேலின் விசுவாசி டுவைட்டுக்கு இரண்டு காட்சி: சிபாரிசுக் கடிதம், பிறகு கட்டடத்துக்குப் பின்னால் பெயின்ட்பால் துப்பாக்கிச் சண்டை. ஜிம்முக்கும் பாமுக்கும் மட்டும் முழுக் காட்சி.

வரிசையும் முக்கியம். சிரிப்பு முன்னால், வலி பின்னால். தலைகீழாகப் போட்டால் சிரிப்பு அவமதிப்பாகத் தெரியும். டுவைட் விஷயத்தில் கடிதம் முதலில் வந்து நெகிழ வைத்து, அதற்குப் பிறகு பெயின்ட்பால் வருகிறதே என்று கேட்கலாம். அவர்கள் இரண்டு பேருக்குமான பாச மொழியே அந்தச் சண்டைதான், அதனால் அது மட்டும் விதிவிலக்கு.

பாதிக்கோப்பை | பதிவு 19

சரி, கடைசிமேசையின் இரண்டாவது கேள்வி அப்படியே கிடக்கிறது. அடுத்த வாரம் ஏன் சரிந்தது?

என் பதில்: நாற்காலிக்கு ஆள் தேடினார்கள். மே 19 எபிசோடில் ஜிம் கேரி, ரே ரொமானோ, வில் ஆர்னெட், கேத்தரின் டேட், ஜேம்ஸ் ஸ்பேடர், போதாக்குறைக்கு வாரன் பஃபெட் வரை வரிசையாக நேர்காணலுக்கு வந்தார்கள். சீசன் முடியும்போது யாருக்கு வேலை என்று சொல்லவே இல்லை. சீசன் 8 திறந்தால் ஸ்பேடரின் ராபர்ட் கலிஃபோர்னியா மேலாளர் வேலையை வாங்கி, புளோரிடாவுக்குப் போய் நிறுவனத் தலைவரையே பேச்சால் கவிழ்த்து அந்த இடத்தைப் பிடித்துவிட்டான். மேலாளர் ஆண்டி. இவ்வளவும் கேமராவுக்குப் பின்னால் நடந்து முடிந்துவிட்டது.

மஞ்சள்கோப்பு | பதிவு 20

ஆண்டியிடம் மைக்கேலின் தேவையை அப்படியே ஏற்றியதுதான் கோளாறு. எல்லாரும் என்னை விரும்பவேண்டும் என்ற ஏக்கம் மைக்கேலிடம் இருந்தபோது, அவன் செய்கிற அட்டூழியம் எல்லாம் அதிலிருந்து கிளம்பியது. தேவை நிறைவேறியது, ஆள் கிளம்பினான். அதே தேவையை இன்னொருத்தன் தலையில் கட்டினால் இரண்டாம்முறை காய்ச்சிய காபி மாதிரித்தான் இருக்கும். ராபர்ட் கலிஃபோர்னியாவுக்கோ யாரிடமும் எந்தத் தேவையும் இல்லை. ஸ்பேடர் அருமையாகச் செய்தார், ஆனால் எதுவும் வேண்டாதவனைச் சுற்றிக் காட்சி நகராது. ஒரு சீசனோடு போய்விட்டான்.

புயல்தாள் | பதிவு 21

டுவைட்டை அன்றைக்கே உட்கார வைத்திருக்கலாம். அந்த நாற்காலியை முதல் எபிசோடிலிருந்து வெளிப்படையாக விரும்பியவன் அவன் ஒருத்தன்தான். பிரிட்டிஷ் மூலத்தில்கூட பிரென்ட் போனதும் பொறுப்பு டுவைட்டின் இடத்தில் இருந்த கேரத்துக்குத்தான் போகிறது. இங்கே மே 12 எபிசோடில் தற்காலிக மேலாளராக்கி, துப்பாக்கி வெடித்து, இறக்கிவிட்டார்கள். நிஜமாக உட்கார்ந்தது 2013 மே 2. அதாவது 2 வருஷம் சுற்றி அதே வாசலுக்கு வந்தார்கள். டேனியல்ஸ் 9-ஆம் சீசனுக்குத் திரும்பி வந்த பிறகுதான் அதுவும் நடந்தது. நடுவில் பொறுப்பில் இருந்த பால் லீபர்ஸ்டீன் 8-ஆம் சீசனோடு ஒதுங்கிக்கொண்டார்.

வெட்டுமேசை | பதிவு 22

அதில் ஒரு சிக்கல் உண்டு புயல்தாள். 2011-இல் டுவைட்டை மேலாளராக்கினால் ஜிம்–டுவைட் மோதல் அன்றோடு முடிந்துவிடும். மேலதிகாரியைச் சீண்டினால் வேலை போகும், மேசை நண்பனைச் சீண்டினால் சிரிப்பு. மைக்கேல் போய்விட்ட நிலையில் மிச்சமிருந்த ஒரே எந்திரத்தையும் அணைக்க அவர்கள் துணியவில்லை. முடியப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் துணிந்தார்கள்.

இரண்டாம்வரி | பதிவு 23

கொஞ்சம் விலகி ஒரு கேள்வி. 'தட்ஸ் வாட் ஷி செட்' வரிக்குத் தமிழ் சப்டைட்டில் எப்படிப் போடலாம்? 'அவளும் இதையேதான் சொன்னா' என்று போட்டால் ஓரளவு வருகிறது. ஆனால் முந்தைய வாக்கியத்தில் ஆங்கிலத்தில் 'இட்' என்று ஒரு சொல் இருக்கும், இரட்டை அர்த்தமே அதில்தான் தொங்கும். தமிழில் அதைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. 'ரொம்பப் பெருசு, உள்ள போகாது' என்று எழுவாயே இல்லாமல் பேசுவது நமக்கு இயல்பு. அப்படிப் பார்த்தால் தமிழில்தான் இந்த ஜோக் இன்னும் சுலபமாக வரவேண்டும்.

ஒலித்தட்டு | பதிவு 24

முந்தைய வாக்கியத்தை முதலில் பேச்சுத்தமிழாக்கிவிட்டால் வரும். அதை எழுத்துத்தமிழில் விட்டுவிட்டு அடுத்த வரியை மட்டும் 'சொன்னா' என்று போட்டால் ஒட்டாது. 'சொன்னாள்' என்று போட்டால் ஜோக் செத்தே போகும்.

விமான நிலையக் காட்சியில் மட்டும் சப்டைட்டில் போடுபவர் அந்த வரியை எழுதவே கூடாது. ஒலி இல்லாத இடத்தில் எழுத்து வந்தால், உதட்டைப் பார்த்து நாமே கண்டுபிடிக்கிற சுகம் போய்விடும். காது கேளாதவர்களுக்கான பதிப்பில்கூட 'ஒலி நிற்கிறது' என்று போட்டுவிட்டு உதட்டை அவர்களிடமே விடலாம். நம்மைவிட நன்றாகப் படிப்பார்கள்.

கடைசிமேசை | பதிவு 25

2013 மே 16 கடைசி எபிசோடில் கரெல் திரும்ப வந்ததை யாராவது சேர்ப்பீர்கள் என்று பார்த்தேன். அங்கே அவருக்கு மொத்தமே சில வரிகள்தான். டுவைட் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக வந்து நிற்கிறான். நீங்கள் வந்ததை நம்பமுடியவில்லை என்று டுவைட் சொன்னதும் பதிலுக்கு அதே பழைய ஜோக். 2011-இல் சத்தமில்லாமல் போன வரி இங்கே சத்தத்தோடு வருகிறது. பிறகு கேமராவுக்கு ஒரே ஒரு பேச்சு, என் பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று.

பாதிக்கோப்பை | பதிவு 26

அளவாக வைத்தார்கள். கூட ஒரு காட்சி வைத்திருந்தால் அது டுவைட் கல்யாணமாக இருந்திருக்காது. மைக்கேல் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதைக்கூட அவனைச் சொல்ல விடவில்லை, பாம் சொல்கிறாள். பிள்ளைகளின் படங்கள் ஒரே ஃபோனில் கொள்ளவில்லை என்று இரண்டு ஃபோன் வைத்திருக்கிறானாம்.